மூணு டாலர் காகிதம்

"நல்ல மனுஷன் கோர்ட்டு படி ஏறமாட்டான்"னு சொல்லிச் சொல்லியே நம்மை வளர்த்துட்டாங்க. அந்த பயத்தையும் பெட்டியில வச்சு கலிஃபோர்னியா வரைக்கும் கொண்டு வந்திருக்கேன்னு இப்பதான் புரிஞ்சுது.

நாங்க மூணு பேர் இருந்த அபார்ட்மெண்டை காலி பண்ணினோம். டெபாசிட் 2,100 டாலர். அதில் 1,600-ஐ 'கார்ப்பெட், பெயிண்ட்' என்று பிடித்துக்கொண்டு வீட்டு ஓனர் ஒரு சீட்டு அனுப்பினார். சீனியர் ஒருத்தர், "விட்டுத்தள்ளுடா, ஸ்டூடண்ட் விசாவுல இருந்துக்கிட்டு கேஸெல்லாம் எதுக்கு" என்றார். ஸ்மால் கிளெய்ம்ஸில் வழக்கு போட குடியுரிமை தேவையில்லை என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் அப்போ தெரியாது.

ஒரு ராத்திரி தூக்கம் வராமல் எங்க கவுண்டியின் சுப்பீரியர் கோர்ட் தளத்தில் ஓனர் பெயரைத் தட்டினேன். நாலு வழக்கு! போட்டது எல்லாம் பழைய வாடகைக்காரர்கள்.

தேடப் போறவங்களுக்கு சில விஷயம். கலிஃபோர்னியாவில் 58 கவுண்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு சுப்பீரியர் கோர்ட். வீடு எந்த கவுண்டியில் இருக்கோ அங்கே தேடணும். பேசர் தளத்தில் தேடி நேரத்தை வீணாக்காதீங்க, அது ஃபெடரல் கோர்ட்டுகளுக்கு மட்டும். நம்ம ஊர் ஆர்.டி.ஐ ஞாபகத்தில் ஃபோயா மனு எழுதாதீங்க, அது கோர்ட்டுகளுக்குப் பொருந்தாது. கேஸ் நம்பரைக் குறித்துக்கொண்டு கிளார்க் ஆபீஸில் நகல் கேட்டால் போதும். ஏன், எதுக்குன்னு காரணம் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்துக்கு 50 சென்ட். கேஸ் நம்பர் இல்லாமல் போய், அவங்க தேட பத்து நிமிஷத்துக்கு மேல ஆனால் 15 டாலர் தனி.

நான் வாங்கினது ஆறு பக்கம், மூணு டாலர். அதே கார்ப்பெட், அதே பெயிண்ட். கோர்ட் வாடகைக்காரர் பக்கம் தீர்ப்பு சொல்லியிருந்தது.

இதெல்லாம் யார் வேணா பார்க்கலாம்னா அந்தரங்கம் என்னாவதுன்னு ரூம்மேட் கேட்டான். நியாயமான கேள்வி. வழக்கு போட்டாங்க என்பதாலேயே ஒருத்தர் குற்றவாளி ஆகிவிட மாட்டார். அதே பெயரில் வேற ஆளும் இருக்கலாம். வீட்டைக் காலி பண்ணச் சொல்லி ஓனர் போடும் வழக்கு எல்லார் கண்ணிலும் பட்டால், அந்த வாடகைக்காரருக்கு அடுத்த வீடு கிடைப்பதே கஷ்டம். அதனால்தான் 2017 முதல் இங்கே அந்த வழக்குகள் பொதுவாக மூடியே இருக்கும். 60 நாளுக்குள் ஓனர் ஜெயித்தால்தான் பொதுப் பார்வைக்கு வரும். எனக்கு இது சரியான ஏற்பாடாகத்தான் படுது.

ஆனா மத்ததைத் திறந்து வைக்கத்தான் வேணும். வாடகைக்கு விடும் முன்னாடி நம்ம கிரெடிட் ஸ்கோர் வரைக்கும் அவங்க துருவுறாங்க. அவங்களைப் பத்தித் தெரிஞ்சுக்க நமக்கு இருக்கிற ஒரே ஜன்னல் இது. லீஸில் கையெழுத்து போடும் முன்னாடி எட்டிப் பார்த்திருந்தா எனக்கு இந்தப் பதிவே எழுத வேண்டி வந்திருக்காது.

அடுத்த மாசம் எங்க ஹியரிங். இங்கே டெபாசிட் கணக்கை 21 நாளுக்குள் கொடுக்கணும், சாதாரணத் தேய்மானத்துக்குப் பணம் பிடிக்கக் கூடாதுன்னு சட்டமே இருக்கு. ஜெயிப்போமா தெரியாது. ஆனா படி ஏறியாச்சு :-)

உங்க ஊர்ல எப்படின்னு பின்னூட்டத்தில் சொல்லுங்க மக்களே.