எக்ஸ்ட்ரான்யோவைப் பார்த்து ஏன் சிரிக்கிறோம்?

கொமிக்ஸ் எண்டால் சின்னப் பிள்ளைகளின் சாமான், அதில போய் என்ன அரசியல் எண்டு கேட்கிறவர்களுக்கு ஒரு பழைய கதை. 1954இல் அமெரிக்காவில் பெரியவர்கள் எல்லாரும் கொமிக்ஸுக்கு எதிராகச் சன்னதம் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஃபிரெட்ரிக் வெர்தாம் என்ற மனநல மருத்துவர் அந்த ஆண்டு ஒரு புத்தகம் போட்டார். பட்மானும் ரொபினும் ஒரே வீட்டில் வாழ்வது இரண்டு தன்பாலீர்ப்பாளர்களின் கனவு வாழ்க்கை மாதிரி இருக்கிறது, இதைப் படிச்சால் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்பது அவருடைய கவலைகளில் ஒன்று. அரசாங்கம் கை வைப்பதற்கு முன் தாங்களே முந்திக்கொள்வோம் என்று பதிப்பாளர்கள் அதே ஆண்டு ஒரு ஒழுக்கக் கோவையை உருவாக்கினார்கள். ‘பாலியல் பிறழ்வு’ எதையும் காட்டக்கூடாது, சாடைமாடையாகக்கூடச் சொல்லக்கூடாது என்றது அந்தக் கோவை. 1989இல் அது திருத்தப்படும் வரைக்கும், அதாவது 35 வருசம், இதுதான் சட்டம்.

கொமிக்ஸில் தன்பாலீர்ப்பாளர்களை ஏன் இப்பிடிக் கேலிச்சித்திரமாக வரைகிறார்கள் எண்டு கதைக்கும்போது, எழுதினவரின் கெட்ட புத்தி என்று சொல்லிவிட்டுப் போவது சுகம். எங்களுக்கு அது பாதிப் பதிலாகத்தான் படுகிறது. ஒருவரைப் பெயர் சொல்லி அழைக்க முடியாது, அவர் யாரைக் காதலிக்கிறார் என்று காட்ட முடியாது எண்டால், அவரை வரைய மிஞ்சுவது என்ன? நெளிகிற கை, இழுத்துப் பேசுகிற பேச்சு, மினுங்குகிற உடுப்பு. இல்லையெண்டால் ஒரு வில்லத்தனம், ஒரு நோய். வாழ்க்கையை எடுத்துவிட்டால் மிஞ்சுவது இந்த அடையாளங்கள் மட்டும்தான்.

மார்வலின் நோர்த்ஸ்டாரை எடுப்போம். 1979இல் அறிமுகமான கனேடிய சுப்பர்ஹீரோ. அவரைப் படைத்த ஜோன் பைர்ன் தொடக்கத்திலேயே அவரைத் தன்பாலீர்ப்பாளராகத்தான் மனதில் வைத்திருந்தார். ஆனால் கதையில் வெளிப்படையாகச் சொல்ல வழியில்லை. 80களில் நோர்த்ஸ்டாருக்கு ஒரு மர்ம நோய் வருகிறது. அதை எய்ட்ஸ் என்று எழுதத்தான் முதலில் திட்டம் இருந்ததாகச் சொல்வார்கள். கடைசியில் என்ன நடந்தது தெரியுமா? அவர் முழு மனிதரே இல்லையாம், பாதி எல்ஃபாம், அதனால்தான் வருத்தமாம்! ஒரு ஆணுக்கு ஆணைப் பிடிக்கும் எண்டு எழுதுவதைவிட, அவன் மாயலோகத்துப் பிறவி எண்டு எழுதுவது சுலபமாக இருந்திருக்கு. 1992இல், ‘அல்ஃபா ஃபிளைட்’ 106ஆம் இதழில்தான் அவர் வாய்திறந்து சொன்னார். 2012இல் கல்யாணமும் கட்டினார்.

சரி, கோவைக்கு வெளியே? மார்வலின் ‘த ஹல்க்’ மகசீன் அந்தக் கோவைக்குக் கட்டுப்பட்டதில்லை. 1980இல் வந்த அதன் 23ஆம் இதழில், வை.எம்.சி.ஏ. குளியலறையில் இரண்டு ஆண்கள் புரூஸ் பானரைப் பலவந்தப்படுத்த வருகிறார்கள். தடை இல்லாத இடத்திலும் அவர்களுக்குக் கிடைத்த வேடம் அதுதான்.

இனி எக்ஸ்ட்ரான்யோ. 1988இல் டீ.சி. அறிமுகப்படுத்திய பெரு நாட்டு மந்திரவாதி. ஸ்பானிய மொழியில் அந்தப் பெயருக்கே ‘விசித்திரமானவன்’ என்றுதான் அர்த்தம். பகட்டான உடுப்பு, துள்ளல் நடை, தன்னைத் தானே ‘ஆன்ட்டி’ எண்டு சொல்லிக்கொள்கிற பேச்சு. அவர் மோத வேண்டியிருந்த எதிரிகளில் ஒருவன், எச்.ஐ.வி. பரப்புகிற ஒரு இரத்தக்காட்டேறி. பிறகு எக்ஸ்ட்ரான்யோவுக்கும் எச்.ஐ.வி. என்றாகிறது. ‘நியூ கார்டியன்ஸ்’ என்ற அந்தத் தொடர் 12 இதழோடு முடிந்தது. கேலிக்கும் நோய்க்கும் நடுவில் அந்த மனிதருக்கு ஒரு காதல், ஒரு சண்டை, ஒரு சாதாரண பின்னேரம் கிடைக்கவில்லை.

இதைச் சொன்னவுடன் ஒரு பதில் வரும்: “அப்ப நல்ல ஆம்பிளை மாதிரி வரைஞ்சால் சரிதானே?” வரைந்தும் இருக்கிறார்கள். சுப்பர்மானையும் பட்மானையும் அச்சில் வார்த்த மாதிரி அப்போலோ, மிட்நைட்டர் என்று ஒரு சோடி வந்தது. 2002இல் அவர்களுக்குக் கல்யாணமும் நடந்தது. எங்களுக்கும் அவர்களைப் பிடிக்கும். 2010இல் ஆர்ச்சி கொமிக்ஸுக்கு வந்த கெவின் கெல்லர் எல்லாருக்கும் பிடித்த, பழுது சொல்ல முடியாத பெடியன். அப்படி இருந்தும், அவனுடைய கல்யாணம் வந்த இதழைச் சிங்கப்பூர் தடை செய்தது. எவ்வளவு நல்ல பிள்ளையாக இருந்தாலும் தப்ப முடியாது.

பிரச்சினை அந்தப் பாத்திரங்களில் இல்லை, நாங்கள் அவர்களைப் பாராட்டுகிற விதத்தில் இருக்கிறது. “பார்த்தால் அப்பிடித் தெரியவே தெரியாது” எண்டு சொல்கிறோமே, அது பாராட்டா? பார்த்தால் தெரிகிறவனை மதிக்க வேண்டியதில்லை என்ற அர்த்தம் அதுக்குள்ளே ஒளிந்திருக்கிறது. எக்ஸ்ட்ரான்யோ 2016இல் தொடங்கிய ஒரு தொடரில் திரும்பி வந்தார். இப்போது மதிப்பான மந்திரவாதி, துணையும் உண்டு. சந்தோசம். ஆனால் மதிப்புக் கிடைக்க அந்த ‘ஆன்ட்டி’ அடங்கித்தான் ஆகவேண்டுமா? துள்ளி நடக்கிறதும் மினுங்க உடுக்கிறதும் குற்றமே இல்லை. அதைத் தவிர வேறொன்றும் அவருக்குக் கொடுக்காததுதான் குற்றம்.

வேறு மாதிரியும் செய்யலாம் எண்டு காட்டினவர்கள் இருக்கிறார்கள். ஹல்க் மகசீனில் அந்தக் குளியலறைக் காட்சி வந்த அதே 1980இல், ஹவார்ட் குரூஸை ஆசிரியராகக்கொண்டு ‘கே கொமிக்ஸ்’ வெளிவந்தது. தன்பாலீர்ப்பாளர்கள் தங்களைத் தாங்களே வரைந்தார்கள். 1983இல் தொடங்கி 2008 வரை அலிசன் பெக்டெல் தன் தொடரில் லெஸ்பியன் பெண்களின் ஒரு கூட்டத்தையே வரைந்தார். எப்ப பார்த்தாலும் புறுபுறுக்கிற மோ, கடன் அட்டையைத் தேய்த்துத் தள்ளுகிற பேராசிரியை சிட்னி. குறையுள்ள ஆட்கள்தான், ஆனால் அந்தக் குறைகள் அவரவருடையவை. கதையில் ஒருத்தி மட்டும் இருந்தால் முழுச் சமூகத்தையும் அவள் தலையில் சுமக்க வேண்டும். பத்துப் பேர் இருந்தால் ஒருத்தி சோம்பேறியாகவும் இருக்கலாம்.

அமெரிக்கக் கொமிக்ஸ் பற்றி எங்களுக்கு என்ன கவலை என்று கேட்கலாம். எங்கட நாட்டில் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365ஏ பிரிவுகள் இன்னும் இருக்கின்றன. அதைத் திருத்தும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதில்லை என்று 2023இல் உயர் நீதிமன்றம் சொன்ன பிறகும் இருக்கின்றன. சட்டத்துக்கும் வீட்டுக்கும் பயந்து ஆட்கள் வாய்திறக்காத இடத்தில், எங்களில் நிறையப் பேர் ஒரு தன்பாலீர்ப்பாளரை முதலில் சந்திப்பது கதையிலும் படத்திலும்தான். அங்கே படிச்ச சிரிப்பைத்தான் கம்பஸுக்கும் கொண்டுவருகிறோம். கொஞ்சம் நெளிந்து நடக்கிற ஜூனியர் ஒருத்தன் வந்தால் ‘பொம்பிளைச்சட்டி’ எண்டு பட்டம் வைக்க எங்களுக்கு ஒரு நிமிசம் போதும். அதுக்குப் பிறகு அவன் கன்டீனுக்கு வருகிற நேரத்தைக்கூட மாற்றிக்கொள்வான். அவனுக்கு உண்மையில் யாரைப் பிடிக்கும் என்றுகூட எங்களுக்குத் தெரியாது.

ஆகவே அடுத்த முறை இப்பிடி ஒரு பாத்திரத்தைக் கண்டால் ஒரு சின்னச் சோதனை செய்வோம். பகிடியை எடுத்துவிட்டால் அங்கே ஆள் மிஞ்சுகிறாரா? போனிலும் டப்பிலும் தமிழில் கொமிக்ஸ் வரைகிற ஆட்கள் எங்களுக்குள்ளேயே இருக்கிறீர்கள். நெளிந்து நடக்கிற அந்தப் பெடியனையே வரையுங்கோ. நடையை மாற்ற வேண்டாம். ஒரு ரிப்பீட் எக்ஸாம், கொஞ்சம் கடன், கொஞ்சம் வாய்க்கொழுப்பு, பஸ் ஸ்டாண்டில் அவனுக்காகக் காத்துக்கொண்டு நிற்க ஒரு ஆள், இவ்வளவையும் சேர்த்துக் குடுங்கோ.