இடங்கள் கூடுகின்றன; ஊதியம்?

நான்காண்டு பி.எஸ்சி. நர்சிங் படிப்புக்கு இடங்களைக் கூட்டுவதில் மத்திய அரசு காட்டும் அக்கறை, படித்து முடித்தோரின் ஊதியத்தில் இல்லை. 157 புதிய நர்சிங் கல்லூரிகளை ரூ. 1,570 கோடியில் அமைக்க 2023 ஏப்ரலில் அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அவ்வாண்டு ஜூலை 28-ஆம் தேதி, மணிப்பூர் அமளிக்கிடையே, செவிலியர் ஆணைய மசோதாவை மக்களவை நிறைவேற்றியது. விவாதம் என்று சொல்லத்தக்க எதுவும் அன்று நடக்கவில்லை. கல்வித் தரம், பதிவு, ஒழுங்கு நடவடிக்கை எனப் பலவற்றையும் பேசும் அச்சட்டம், தனியார் மருத்துவமனைகள் தரும் ஊதியம் பற்றி வாய் திறக்கவில்லை.

உச்ச நீதிமன்ற உத்தரவின்பேரில் 2016-இல் அமைக்கப்பட்ட நிபுணர் குழு, 50 படுக்கைகளுக்குக் குறைந்த மருத்துவமனையிலும் மாதம் ரூ. 20,000-க்குக் குறையக்கூடாது என்றது. 200 படுக்கைகளுக்கு மேற்பட்டவற்றில் அரசுச் செவிலியருக்கு நிகரான ஊதியம் வேண்டும் என்றது. சுகாதாரம் மாநிலங்களின் பொறுப்பு எனக் கூறி, பரிந்துரையை அவற்றுக்கு அனுப்பியதோடு தில்லி ஒதுங்கிக்கொண்டது. கடன் வாங்கிப் படித்த பெண்களோ வளைகுடாவுக்கும் பிரிட்டனுக்கும் விமானம் ஏறுகின்றனர்.