இலைக்குள் ஓடும் வெண்கோடுகள்

தக்காளி நாற்று வேர்கொண்டு நிமிரும் வேளையில், அதன் அடியிலைகளிலே சுண்ணாம்பாற் கிறுக்கியது போன்ற நெளிகோடுகள் தோன்றுவதை வீட்டுத்தோட்டம் செய்வோர் பலரும் கண்டிருப்பர். பயற்றை, போஞ்சி, பூசணி, வெள்ளரி ஆகியவற்றிலும் இக்கோலம் காணப்படும். இலைச் சுரங்கப் பூச்சி எனப்படும் ஒரு சிறு ஈயின் புழுவே இதனை வரைகிறது. கோட்டைக் கண்டதும், வயலுக்கென வாங்கி வைத்த நாசினியில் மிஞ்சியதை எடுத்துத் தெளித்துவிடுவது பலரது வழக்கம். நாளை மறுநாள் பறித்துப் பிள்ளைகளுக்குச் சமைத்துக் கொடுக்கவிருக்கும் கீரைக்கும் காய்க்கும் அது தகுமா என்பதை ஒவ்வொரு தாயும் எண்ணிப் பார்க்கவேண்டும். அவ்வாறு தெளித்தும் பூச்சி ஒழிவதில்லை என்பது அதனினும் வியப்பானது.

இந்த ஈ ஏறக்குறைய 2 மில்லிமீற்றர் நீளமே உடையது. கருமையும் மஞ்சளும் கலந்த நிறத்தது. பெண் ஈ இலையைக் குத்திச் சாற்றைப் பருகும். அத்துளைகள் சிலவற்றில் முட்டையும் இடும். ஆண் ஈக்குக் குத்தும் உறுப்பு இல்லாமையால், பெண் ஈ குத்தி வைத்த துளையிலேயே அதுவும் பசியாற வேண்டியிருக்கிறது! முட்டை சில நாளிற் பொரிக்கும். புழு, இலையின் மேற்றோலுக்கும் கீழ்த்தோலுக்கும் நடுவே பசுமையைத் தின்றவாறு முன்னேறும். அது வளர வளரக் கோடும் அகலும். ஆதலால் கோட்டின் அகன்ற முனையிலேதான் புழு இருக்கும். ஒரு வாரமளவில் இலையைக் கிழித்து வெளியேறி, பெரும்பாலும் நிலத்தில் விழுந்து கூட்டுப்புழுவாகும். நமது வெப்பத்தில் இரண்டு மூன்று வாரங்களில் ஒரு தலைமுறை முடிந்துவிடும்.

இரு தோல்களுக்கிடையே ஒளிந்திருக்கும் இப்புழுவை மேலே தெளிக்கும் நஞ்சு எளிதில் எட்டுவதில்லை. வெளியே திரியும் வேறொரு கூட்டத்தையோ அது அடியோடு அழித்துவிடுகிறது. கண்ணுக்குப் புலப்படுதற்கரிய சிறு குளவிகள் சில, சுரங்கத்துள் இருக்கும் புழுவின்மீது தம் முட்டையை இடுகின்றன. குளவிக் குஞ்சு அப்புழுவையே தின்று வளர்கிறது. குளவிகள் மடிந்தபின் ஈக்குத் தடையேது? தென்னமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இனமொன்று 1990களில் இலங்கை மலைநாட்டு உருளைக்கிழங்குத் தோட்டங்களிற் பரவித் தொல்லை கொடுத்தது. பல நாசினிகளையும் தாங்கி வாழப் பழகிவிட்ட இனம் அது. குளவிகளுக்கு அத்தகைய தாங்குதிறன் வாய்க்கவில்லை.

ஆகவே, கோடு கண்ட இலையைப் பறிக்குமுன் அதனை வெயிலுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். மாணவர்கள் ஓர் உருப்பெருக்குக் கண்ணாடியும் வைத்துக்கொண்டால் நன்று. கோட்டின் முனையில் மஞ்சட் புழு அசைந்தால் அது உயிருடன் உள்ளது. புழு கபில நிறமாகிச் சுருண்டு கிடந்தாலோ, இலைத்தோலில் வட்டமான நுண்துளை தென்பட்டாலோ குளவி தன் வேலையைத் தொடங்கிவிட்டது எனக் கொள்ளலாம். ஈயின் புழு வெளியேறிய இடம் வட்டமாக இராது. பிறை போன்ற கீறலாக இருக்கும். குளவி குடிகொண்ட இலைகளைச் செடியிலேயே விட்டுவிடுங்கள்.

உயிருள்ள புழுவைக் கோட்டின் முனையில் இரு விரல்களுக்கிடையே வைத்து நசுக்கினாற் போதும். காலையில் தண்ணீர் விடும்போது பத்து நிமிடம் ஒதுக்கினால், ஒரு சிறு பாத்தி முழுவதையும் பார்த்துவிடலாம். இரண்டு மூன்று இலையே உள்ள நாற்றுக்களுக்கு இக்கவனம் இன்றியமையாதது. அவை இழக்கும் ஒவ்வோர் இலையும் பெரிது. காய்க்கத் தொடங்கிய தக்காளியின் அடியிலையிற் சில கோடுகள் இருப்பதால் விளைச்சல் குன்றாது. கீரையின் நிலை வேறு, இலையே உணவாதலால். மிகுதியாகப் பழுதுற்ற இலைகளைப் பறித்துப் பொலித்தீன் பையில் இறுகக் கட்டி வெயிலிற் சில நாள் வையுங்கள். எருக்குழியில் எறிந்தால் அங்கேயே ஈ பிறக்கும். செடியடி மண்ணை மேலாகக் கிளறிவிட்டால் கூட்டுப்புழுக்களை எறும்புகள் பார்த்துக்கொள்ளும்.

இவ்வளவு செய்தும் பெருகினால் வேம்பு உண்டு. உலர்ந்த வேப்பம் பருப்பு 50 கிராமை இடித்து, ஒரு லீற்றர் நீரில் இரவு முழுதும் ஊறவைத்துத் துணியில் வடித்து, சிறிது சவர்க்காரம் கரைத்து, மாலையில் இலையின் இருபுறமும் நனையத் தெளிக்கவேண்டும். வெயில் அதன் வீரியத்தைக் கெடுக்குமாதலால் காலையிற் தெளிப்பது வீண். தெளித்த மறுநாளே புழுக்கள் செத்து விழும் என எதிர்பாராதீர்கள். வேம்பு புழுவைத் தோலுரிக்கவிடாது மெல்லவே மாய்க்கும். வாரத்துக்கு ஒருமுறையாக இரண்டு மூன்று தடவை தெளித்தபின்னரே பயன் தெரியும். ஆமணக்கெண்ணெய் பூசிய மஞ்சட் பலகையைச் செடியுயரத்தில் நட்டு ஈக்களை ஒட்டச் செய்வோரும் உளர். அதில் நல்ல பூச்சிகளும் ஒட்டக்கூடுமாகையால், ஒன்றிரண்டு பலகைக்கு மேல் வேண்டியதில்லை.

தேசி மரத்துத் தளிரிற் காணும் வெள்ளிக்கோடு இந்த ஈயால் வருவதன்று. அது ஒரு சிறு அந்துப்பூச்சியின் புழு செய்வது. இலை முற்றியதும் அதனை நாடாது. வளர்ந்த மரத்துக்கு அதனாற் பெருங்கேடில்லை. கோடு கண்ட கிளைகளை வெட்டப் புகாதீர்கள். வெட்டிய இடத்திற் புதுத்தளிர் வரும், தளிரைத் தேடி மீண்டும் அந்து வரும்.