விசிபியு என்றால் முழு கோரா, பாதியா?

அமேசானின் வர்ஜீனியா மையத்தில் இன்டெல் செயலியில் ஓடும் எம்5.லார்ஜ் என்ற மெய்நிகர் கணினிக்கு மணிக்கு 9.6 சென்ட் வாடகை. ஆர்ம் வகையைச் சேர்ந்த கிராவிட்டான்2 செயலியில் ஓடும் எம்6ஜி.லார்ஜுக்கு 7.7 சென்ட். இரண்டிலும் 2 விசிபியு (மெய்நிகர் செயலி), 8 ஜிபி நினைவகம். ஐந்தில் ஒரு பங்கு மிச்சம் என்று இதை வைத்தே முடிவெடுப்பது தவறு. ஏனெனில் இரண்டு இடத்திலும் விசிபியு என்பது ஒரே பொருள் அல்ல. எம்5இல் ஒரு கோரையே ஹைப்பர்த்ரெடிங் மூலம் இரண்டு த்ரெட்டுகளாகக் காட்டுகிறார்கள்; 2 விசிபியு வாங்கினால் கிடைப்பது ஒரு கோர்தான். கிராவிட்டானில் இரண்டு முழு கோர்கள். கூட்டம் இல்லாத நேரத்தில் இது தெரியாது. இரண்டு த்ரெட்டுகளும் ஒரே சமயத்தில் முழுவீச்சில் ஓடும்போது, ஒரே கோரின் கணக்கீட்டு அலகுகளையும் கேஷையும் பங்கு போட்டுக்கொள்வதால் மறுமொழி தாமதமாகும். சிபியு 50% என்று காட்டும் எம்5இல் இன்னொரு பாதி மிச்சமிருப்பதாக நம்பித் திட்டமிட்டால் ஏமாந்துபோவோம்.

இன்டெல் பழையது, ஆர்ம் புதியது என்று பிரித்துப் பார்ப்பதும் பொருந்தாது. இன்டெல் செயலிகளின் எக்ஸ்86 பரம்பரை 1978இன் 8086இல் தொடங்கியது. முதல் ஆர்ம் சிப் 1985இலேயே ஓடிவிட்டது. விசிபியு வேறுபாடும் பரம்பரையால் வருவதல்ல: ஏஎம்டி செயலி கொண்ட எம்7ஏ வகையில், எக்ஸ்86 ஆக இருந்தும், ஒரு விசிபியு ஒரு முழு கோர்தான், வாடகை கூடுதல்.

ஆர்மில் நம் மென்பொருள் ஓடுமா என்ற தயக்கம் நியாயமானது. எக்ஸ்86க்குக் கட்டிய டாக்கர் இமேஜை ஆர்மில் ஏற்றினால் ‘எக்ஸெக் ஃபார்மட் எரர்’ என்ற ஒற்றை வரியோடு நின்றுவிடும். அது உடனே கண்ணில் படுவதால் சரிசெய்யலாம். எனக்குக் கவலை தருவது வேறு: நினைவகத்தில் எழுதும் வரிசையை எக்ஸ்86 கண்டிப்பாகக் காக்கிறது, ஆர்ம் அவ்வளவு காப்பதில்லை. பல த்ரெட்டுகளில் ஓடும் சி நிரலில் இத்தனை ஆண்டுகள் ஒளிந்திருந்த பிழை அங்கே, அதுவும் எப்போதாவது மட்டும், தலைகாட்டும். விண்டோஸ் சர்வர் கிராவிட்டானில் ஓடவே ஓடாது. ஒரே நிறுவனத்திடம் சிக்கிக்கொள்வோம் என்ற அச்சம் மட்டும் இன்று பழசு; கூகுளிடம் ஆக்சியான், மைக்ரோசாஃப்டிடம் கோபால்ட் என ஆர்ம் செயலிகள் வந்துவிட்டன.

ஜாவா, பைத்தான், போஸ்ட்கிரெஸ் போன்றவற்றில் புதிதாகத் தொடங்கும் சேவை ஆர்மில் தொடங்கட்டும். மூலநிரல் கையில் இல்லாத பழைய மென்பொருள் இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். எதுவானாலும், மூன்றாண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் உங்கள் சொந்த வேலையை ஒரு வாரம் இரண்டிலும் ஓட்டி, ஒரு ரூபாய்க்கு எத்தனை கோரிக்கைகள் நிறைவேறின என்று எண்ணிப் பாருங்கள்.