தேர் போகாத தெருவும் திருநாள் பாடமும்

ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் உட்கார்ந்திருக்கும் ஏதாவது ஓர் ஆறாம் வகுப்புப் பையனை நிறுத்தி, "உங்கள் கோயிலின் பாதுகாவலர் யார்?" என்று கேட்டுப் பாருங்கள். பட்டென்று சொல்வான். கொடியேற்றம் என்றைக்கு, எத்தனையாம் திருநாளில் சப்பரம், தேர் எப்போது கிளம்பும், வாணவேடிக்கை யார் உபயம்... எல்லாம் அவனுக்கு மனப்பாடம்! அடுத்ததாக, "அந்தப் புனிதர் எப்படி வாழ்ந்தார்? எதற்காகச் செத்தார்?" என்று கேளுங்கள். தலையைச் சொறிவான். ரொம்ப வற்புறுத்தினால், "அவர்கிட்ட வேண்டிக்கிட்டா காணாமப் போனது கிடைக்கும்" என்பான். அவ்வளவுதான்.

பையனைக் குறை சொல்லிப் பயனில்லை. அவனுக்குச் சொல்லித் தந்தது அதுதான்.

தமிழ்நாட்டுக் கத்தோலிக்கக் குழந்தைக்கு விசுவாசத்தைக் கற்றுக்கொடுக்க இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, புத்தகம். அந்தக் காலத்துச் சின்னக்குறிப்பிடம் தொடங்கி இன்றைய மறைக்கல்வி நூல்கள் வரை கேள்வியும் பதிலும், மனப்பாடமும் தேர்வும். புதுநன்மை வாங்கும் வரை விழுந்து விழுந்து படிப்பார்கள். உறுதிப்பூசுதல் முடிந்த மறுவாரமே பாதி பெஞ்சு காலியாகிவிடும். இன்னொன்று, ஆண்டின் திருநாள்கள். இதற்குத் தேர்வும் இல்லை, மதிப்பெண்ணும் இல்லை. பள்ளிக்கூடப் பாடம் முழுவதும் மறந்துபோன அறுபது வயதுப் பாட்டிக்குக்கூடச் சாம்பல் புதனும் குருத்தோலையும் கல்லறைத் திருநாளும் மறப்பதில்லை. குருத்தோலையில் சிலுவை முடையக் கற்ற பிள்ளையின் கை, கடைசி வரைக்கும் அதை மறக்காது. இந்த இரண்டில் எது வலிமையானது என்று விளக்க வேண்டியதே இல்லை.

இது ஒன்றும் புதிதாகக் கண்டுபிடித்த உண்மை அல்ல. 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், தமிழ் தெரியாத நிலையில் ஆட்களை வைத்துச் செபங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்து, கையில் மணியோடு தெருத்தெருவாகப் போய் முதலில் கூப்பிட்டது யாரை? சிறுவர்களைத்தான். கற்றதை வீட்டில் போய் அப்பா அம்மாவுக்கும் அக்கம்பக்கத்துக்கும் சொல்லிக்கொடு என்று அனுப்பினார். நோயாளிகள் வீட்டுக்குச் செபிக்க அனுப்பியதும் சிறுவர்களைத்தான். (அதே சிறுவர்கள் பெற்றோரின் சாமி சிலைகளை உடைத்ததையும் அவர் தம் கடிதங்களில் மகிழ்ச்சியோடு எழுதியிருக்கிறார். டிசம்பர் 3 அன்று பிள்ளைகளுக்குச் சவேரியார் கதை சொல்பவர்கள் இதை விழுங்கிவிடுவது வழக்கம். விழுங்கக் கூடாது. புனிதர் செய்தது எல்லாமே பின்பற்றத் தக்கது அல்ல என்று பிள்ளைக்குச் சொல்லவும் திருநாள்தான் நல்ல நாள்.)

பிறகு வந்தவர்களும் கதையைத்தான் நம்பினார்கள். வீரமாமுனிவர் புனித சூசையப்பரைத் தலைவராக வைத்துத் தேம்பாவணி பாடினார். கடற்கரை ஊர்களிலும் யாழ்ப்பாணத்திலும் புனிதர்களின் கதைகளை விடிய விடிய நாடகமாக ஆடினார்கள். வாசாப்பு என்று அதற்குப் பெயர். எழுதப் படிக்கத் தெரியாத மீனவனின் பிள்ளை, எஸ்தாக்கியார் பெண்டாட்டி பிள்ளைகளைப் பறிகொடுத்த கதையை மணலில் உட்கார்ந்து பார்த்து அழுதது. அதுவும் மறைக்கல்விதான்.

பெயர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். சூசை, அந்தோணி, சந்தியாகு, சின்னப்பன், ஞானப்பிரகாசம், அருளானந்தம் என்று எத்தனை வீடுகளில் எத்தனை பேர்! சின்னப்பர் என்பது பவுல்தான். இலத்தீனில் அந்தப் பெயருக்குச் சிறியவன் என்று பொருள். ஞானப்பிரகாசியார் என்பவர் 1591-இல் ரோமையில் கொள்ளைநோய் பரவியபோது நோயாளிகளைப் பராமரிக்கப் போய், அதே நோய் தொற்றி, 23 வயதில் இறந்த அலோசியுஸ் கொன்சாகா. ஞானப்பிரகாசம் என்று பெயர் வைத்திருக்கும் எத்தனை பிள்ளைகளுக்கு இது தெரியும்? பிறந்தநாளுக்குக் கேக் வெட்டத் தெரிந்த வீட்டில் பெயர்கொண்ட புனிதரின் திருநாள் வந்து போவதே தெரிவதில்லை.

ஆகவே திருநாள்கள் வழியே கற்பியுங்கள் என்று சொல்லிவிட்டு முடித்துக்கொள்ளலாம். அருட்சகோதரிகள் பலர் இப்போது அதைத்தான் செய்கிறார்கள். நவம்பர் 1 வந்தால் அனைத்துப் புனிதர் மாறுவேடப் போட்டி. ஒரு பையன் மார்பில் அட்டை அம்பு ஒட்டிய செபஸ்தியார். ஒரு சிறுமி ரோஜாப்பூவோடு தெரேசம்மாள். இப்போது புதிதாக ஜீன்ஸ் போட்ட கார்லோ அகுதிஸ். 2006-இல் 15 வயதில் இறந்த அந்த இத்தாலியப் பையனுக்கு 2025 செப்டம்பர் 7 அன்று புனிதர் பட்டம் கிடைத்த பிறகு, பிள்ளைகளுக்கு வேடம் போடுவது எளிதாகிவிட்டது. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. பரிசாக ஒரு எவர்சில்வர் டப்பாவும் கிடைக்கிறது.

ஆனால் பிரச்சினை அங்கேதான் ஆரம்பிக்கிறது. திருநாள் வழியே கற்பிக்கலாமா வேண்டாமா என்று பெரியவர்கள் இனிமேல்தான் முடிவெடுக்கப்போவதைப் போலப் பேசுகிறார்கள். திருநாள் ஏற்கெனவே கற்பித்துக்கொண்டுதான் இருக்கிறது! முதல் திருநாள் யார் உபயம், பெரிய திருநாள் யார் உபயம், தேர்வடத்தை முதலில் தொடுவது யார், வரிக் கணக்கில் யார் பெயரைச் சேர்ப்பதில்லை, தேர் எந்தத் தெரு முனை வரைக்கும் வந்து அப்படியே திரும்பிவிடுகிறது... இவை அத்தனையையும் அந்த ஆறாம் வகுப்புப் பையன் கண்ணால் பார்த்துப் படித்துக்கொண்டிருக்கிறான். "கடவுள் முன் அனைவரும் சமம்" என்று புத்தகத்தில் படித்து நூற்றுக்கு நூறு வாங்கியவன், தேர் திரும்பும் இடத்தில் நின்று வேறொரு பாடம் படிக்கிறான். எந்தப் பாடம் அவன் மனதில் தங்கும்?

மிகையாகச் சொல்வதாக நினைப்பவர்கள் விழுப்புரம் மாவட்டத்தில் அன்று இருந்த எறையூரை நினைத்துப் பார்க்கட்டும். சொந்தக் கோயிலில் சம இடம் கிடைக்காத தலித் கத்தோலிக்கர்கள், தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று கேட்டார்கள். 2008 மார்ச் 9 அன்று ஊரின் பெரும்பான்மைச் சாதிக் கத்தோலிக்கர்கள் அவர்கள் வீடுகளைத் தாக்கினார்கள். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தார்கள். இரண்டு பக்கமும் செபமாலை சொல்கிறவர்கள். இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் படித்தது ஒரே மறைக்கல்விப் புத்தகம்! திருச்சி மேலப்புதூர்க் கல்லறையில் தலித்துகளைப் பிரித்து நின்ற சுவரைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதிக்கொண்டே இருந்தன. நவம்பர் 2 அன்று அப்பாவோடு மெழுகுவர்த்தி ஏற்றப் போகும் பிள்ளை அந்தச் சுவரையும் பார்க்கத்தானே செய்யும்? 2016 டிசம்பரில் இந்திய ஆயர்களே தலித் மேம்பாட்டுக் கொள்கை ஒன்றை வெளியிட்டு, திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டார்கள். ஆயர்கள் ஒப்புக்கொண்டதை மறைக்கல்வி ஆசிரியர் சொல்லத் தயங்குகிறார்.

இந்தத் தயக்கத்தால் அதிகம் அடிபடுபவர் யார் தெரியுமா? புனித தேவசகாயம்.

1712-இல் நட்டாலத்தில் நீலகண்டனாகப் பிறந்தவர். திருவிதாங்கூர் அரசின் பணியில் இருந்தவர். குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாயிடம் கிறிஸ்துவைப் பற்றிக் கேட்டு, 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றவர். 1749-இல் கைதானார். 1752 ஜனவரி 14 அன்று காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார். பட்டம் பெற்ற முதல் இந்தியப் பொதுநிலையினர். குருவானவர் அல்ல, துறவி அல்ல. பெண்டாட்டியோடு குடும்பம் நடத்திய மனிதர்.

பிள்ளைகளுக்கு இவர் கதையை எப்படிச் சொல்கிறார்கள்? தாகத்துக்குத் தண்ணீர் கிடைக்காமல் முழங்கையால் பாறையை இடித்தார், தண்ணீர் வந்தது. அதுதான் புலியூர்க்குறிச்சி முட்டிடிச்சான் பாறை. அவர் இறந்தபோது பாறை ஒன்று மணிபோல ஒலித்தது. அதுதான் மணியடிச்சான் பாறை. எருமை மேல் ஏற்றி, எருக்கம்பூ மாலை போட்டு ஊர் ஊராக அவமானப்படுத்தினார்கள். இவை மரபாக வழங்கிவரும் கதைகள். சொல்லட்டும், தப்பில்லை. குழந்தைக்குப் பாறையும் வேண்டும், எருமையும் வேண்டும். ஆனால் ஏன் அவரை அத்தனை வெறுத்தார்கள் என்ற கேள்விக்கு வரும்போது மட்டும் குரல் தணிந்துவிடுகிறது! "கிறிஸ்தவர் ஆனதால்" என்று ஒரே வார்த்தையில் தாண்டிவிடுகிறார்கள். புனிதர் பட்டத்தின்போது வத்திக்கான் வெளியிட்ட வாழ்க்கைக் குறிப்பே அப்படித் தாண்டவில்லை. சாதி வேறுபாடு பாராமல் எல்லாரும் சமம் என்று அவர் வலியுறுத்திப் போதித்ததாகவும், அதுவே மேல்சாதியினரின் வெறுப்பைக் கிளப்பியதாகவும் அது வெளிப்படையாகச் சொல்கிறது. அரசு அவரைக் கொன்றதன் காரணம் பற்றி வரலாற்றாசிரியர்களிடையே வாதம் உண்டு, இருக்கட்டும். திருச்சபை அவரைப் புனிதர் என்று சொல்லும்போது எதைக் காரணமாகச் சொல்கிறதோ, அதைத் திருச்சபையின் பிள்ளைகளுக்குச் சொல்லக்கூட வாய் வராதா?

அவர் பெயரோடு ஒட்டியிருந்த 'பிள்ளை' என்ற சாதிப் பெயர், பட்டத்துக்கு முன்பே அதிகாரப்பூர்வமாக நீக்கப்பட்டுவிட்டது. இதுவே ஒரு முழு வகுப்புக்கான பாடம் அல்லவா? "ஏன் டீச்சர் எடுத்தாங்க?" என்று ஒரு பிள்ளை கேட்டாலே போதும், அந்த ஞாயிற்றுக்கிழமை வீணாகாது. ஆனால் விழா பேனர்களில் அந்தப் பெயருக்குக் கீழே அன்பளிப்பாளர்கள் தங்கள் சாதிப் பெயரோடு கைகூப்பி நிற்கிறார்கள்.

அவர் ஞானஸ்நானம் பெற்ற வடக்கன்குளத்தின் கதை இன்னும் வேதனையானது. அந்த ஊரிலேயே 19-ஆம் நூற்றாண்டில் எழுந்த கோயில் இரண்டு கால்களாகப் பிரிந்து பீடத்தில் மட்டும் சேர்ந்தது. ஒரு சாதி மறு சாதியைப் பாராமலே பூசை காணலாம்! 1910-இல் தடுப்பு இடிக்கப்பட்டது. இடித்தது தப்பு, எங்களுக்குத் தனி இடம் வேண்டும் என்று வழக்குப் போட்டவர்கள் சென்னை உயர்நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். தேவசகாயம் ஞானஸ்நானம் பெற்ற ஊர் என்று அங்கே சுற்றுலா கூட்டிப்போகும் பங்குகள், இந்தக் கதையையும் அதே பேருந்தில் சொன்னால் என்ன?

"பிஞ்சு மனதில் எதற்குச் சாதியைப் பற்றி விதைக்க வேண்டும்?" என்று கேட்பார்கள். நல்லெண்ணத்தோடு கேட்பவர்களும் உண்டு. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்பவர் எந்தத் தெருவிலிருந்து கேட்கிறார் என்று பார்க்க வேண்டும். தேர் வராத தெருவின் பிள்ளைக்கு யாரும் புதிதாக விதைக்க வேண்டியதில்லை. தோரணம் கட்டி, வாசல் தெளித்து, கோலம் போட்டு வைத்த வீட்டின் முன்னே தேர் வராமல் திரும்பியதை அது ஐந்து வயதிலேயே பார்த்துவிட்டது. தெரியாமல் இருப்பது தேர் வரும் தெருவின் பிள்ளைக்கு மட்டும்தான். அதற்குத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

"திருவிழா என்றால் சந்தோஷம், அதைப் போய் வகுப்பாக்காதீர்கள்" என்பது இன்னொரு முணுமுணுப்பு. இதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ராட்டினமும் மிட்டாய்க் கடையும் அசனச் சோறும் இல்லாத திருவிழா பிள்ளைக்கு எதற்கு? ஒன்றையும் குறைக்க வேண்டாம். வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29 கொடியேறும்போது பிள்ளையைத் தோளில் தூக்கிக் காட்டுங்கள். காட்டிவிட்டு, அந்த மாதா யாருக்குக் காட்சி கொடுத்ததாக மரபு சொல்கிறது என்பதையும் சொல்லுங்கள். எசமான் வீட்டுக்குப் பால் சுமந்த பையன் ஒருவன். நடக்க முடியாமல் மோர் விற்ற ஏழைக் கைம்பெண்ணின் பிள்ளை ஒருவன். பணக்காரர் பிறகுதான் வருகிறார், அதுவும் அந்தப் பிள்ளை ஓடிப்போய்ச் சொன்ன பிறகு! இதைக் கேட்டால் எந்தக் குழந்தையின் சந்தோஷம் குறையும்?

புனிதர்களே வேண்டாம், பைபிள் மட்டும் போதும் என்பவர்களோடு இங்கே வாதம் இல்லை. அவர்கள் சபைகளிலும் சாதி பெஞ்சு போட்டு உட்கார்ந்துதான் இருக்கிறது.

பல ஊர்களில் இன்று தேர் எல்லாத் தெருவுக்கும் போகிறது என்பதையும் சொல்ல வேண்டும். சும்மா போகவில்லை, யாரோ கேட்டார்கள், யாரோ அடிவாங்கினார்கள், யாரோ ஒரு பங்குத்தந்தை திருவிழாவையே நிறுத்துவேன் என்று உறுதியாக நின்றார். அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு அந்தக் கதையும் தெரிய வேண்டும்.

புனித தேவசகாயத்தின் திருநாள் ஜனவரி 14. பெரும்பாலும் பொங்கலை ஒட்டியே வரும். பள்ளிக்கூடம் விடுமுறை, பிள்ளைகள் வீட்டில்தான் இருப்பார்கள். அதற்கு முந்தின ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் ஆளுக்கொரு வெள்ளைத்தாளும் ஒரு பென்சிலும் கொடுக்கலாம். ஊரின் எல்லாத் தெருக்களையும் வரையச் சொல்லி, தேர் போகும் பாதையைச் சிவப்பில் கோடு போடச் சொல்லலாம். ஆசிரியர் வாய் திறக்கவே வேண்டாம். கோடு போட்டு முடித்ததும் பின் பெஞ்சிலிருந்து ஒரு பிள்ளை எழுந்து கேட்கும், "டீச்சர், எங்க தெரு?" என்று.