நீலத்தின் மேல் சுமத்திய பழி

கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டிலும், வெள்ளக்கடை முதலான சேர்வராயன் மலைக் கிராமங்களிலும், வீட்டுக்கு வர்ணம் பூச நினைப்பவர் காதில் விழும் உபதேசம் ஒன்று உண்டு: "கருநீலம் மட்டும் வேண்டாம், அறை இருட்டடிக்கும், சிறுத்துப் போகும், குளிரும் கூடும்." பலர் சொல்லிச் சொல்லிப் பழகிய இந்த அபிப்பிராயம், பலர் சொல்வதாலேயே பிரமாணமாகிவிடாது.

முதலில் குளிரை எடுத்துக்கொள்வோம். உட்சுவரின் நிறம் மாறுவதால் அறையின் உஷ்ணம் உணரத்தக்க அளவு குறைவதில்லை. தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் மாறி மாறி நனைக்கும் இம்மலையில், அஸ்திவாரத்திலிருந்து ஏறும் ஓதமும், ஓட்டிடுக்கில் கசியும் நீரும், பொருந்தாத சன்னல் கதவின் வழியே நுழையும் காற்றுமே மனிதனை நடுங்கச் செய்கின்றன. வெள்ளையடித்த சுவரிலும் சுண்ணாம்பு செதில் செதிலாக உரிந்து, மூலையில் பூசணம் படர்வதைக் கண்ணாரக் கண்டபின்னும், குற்றத்தை நீலத்தின் தலையில் கட்டுவது நியாயமன்று.

அறை சிறுத்துவிடும் என்பதும் பிரத்தியட்சத்துக்கு விரோதம். ஏற்காட்டின் பகோடா முனையில் நின்று நோக்கினால், அருகிலுள்ள சரிவு பச்சையாகவும், அதற்கப்பால் அடுக்கடுக்காக விலகும் மலைகள் நீலமாகவும் தோன்றுவதற்கு, இடைப்பட்ட காற்று ஒளியைச் சிதறடிப்பதே காரணம். இவ்வாறு நீலத்தைத் தொலைவின் அடையாளமாகப் பழகிய கண்ணுக்கு, வெண்சுவர் தன் எல்லையைக் கறாராகக் காட்டி நிற்க, கருநீலச் சுவரோ மூலையின் நிழலைத் தன்னுள் கரைத்துக்கொண்டு பின்வாங்குகிறது.

வெள்ளை, தன்மேல் விழும் ஒளியில் பெரும்பகுதியைத் திருப்பித் தருகிறது. கருநீலம் சிறுபகுதியையே தருகிறது. இதை மறுப்பதற்கில்லை. ஆகவே படிக்கும் இடத்தில் நல்லதொரு விளக்கு வேண்டும். ஆனால் மூடுபனி இறங்கிய மாலையில் வெண்சுவர் சோகையான சாம்பல் நிறம் கொள்கிறது. மங்கிய ஒளியில் சிவப்பு முதலில் கறுக்க, நீலமே நெடுநேரம் தன் தன்மையை இழக்காமல் நிற்கும் என்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பூர்க்கின்யே என்ற விஞ்ஞானி எடுத்துக்காட்டினார். கருநீலச் சுவரின் முன் ஒரு பித்தளை விளக்கையோ, சில்வர் ஓக் பலகையில் செய்த மேசையையோ வைத்துப் பார்த்தால், அதன் சௌந்தரியத்துக்கு வேறு நிரூபணம் வேண்டியதில்லை.

இதில் இன்னொரு முரணும் உண்டு. நீலத்தைப் பழிக்கும் அதே குடும்பங்கள், சுண்ணாம்பு வெள்ளை பளிச்சென்று தெரிய அதில் ஒரு சிட்டிகை நீலம் கலப்பதை அறிந்தே வந்திருக்கின்றன. 1828-ல் பிரான்சில் செயற்கையாகச் செய்யும் வழி வெளிப்பட்டதால் மலிவான அந்த அல்ட்ராமரின் நீலம், சுண்ணாம்பின் காரத்தைத் தாங்கும்; பிரஷ்ய நீலம் தாங்காது, நிறம் கெட்டுப் பழுப்பாகிவிடும். இந்த வித்தியாசத்தை அறியாமல் பூசிக் கெடுத்துக்கொண்டு, பிறகு நிறத்தைத் திட்டுவதில் பயனில்லை. ஓதத்தால் வெளிப்படும் வெள்ளை உப்பு கருநீலத்தின் மேல் பட்டவர்த்தனமாகத் தெரியும் என்பதும் அதன் குறையன்று; சுவரின் நோயை ஒளிக்காமல் காட்டும் குணமே அது.

ஆதலால், கூரையைச் செப்பனிட்டு, ஓதத்தைத் தடுத்து, சுவர் நன்றாகக் காய்ந்தபின், விதானத்தை மட்டும் வெண்மையாக விட்டு, நான்கு சுவர்களுக்கும் தயங்காமல் கருநீலம் பூசுங்கள். நம் வீட்டின் நிறத்தைத் தீர்மானிக்க வேண்டியது நம் கண்ணும் விவேகமுமே. ஊரார் வழிவழியாகச் சொல்லிவரும் அச்சமன்று.