ஏழு கோணல் பெட்டிகள்

போன மாசம் கல்லூரி நண்பர்கள் குடும்பத்தோடு வீட்டுக்கு வந்திருந்தார்கள். மூணு பேர் சென்னை, ஒருத்தன் பெங்களூரு. திருச்செந்தூரில் சாமி கும்பிட்டு, மணப்பாட்டில் மணல்மேட்டுச் சிலுவைக் கோயிலும் சவேரியார் குகையும் பார்த்துவிட்டு, மத்தியானம் நம்ம வீட்டில் சாப்பாடு. திட்டம் அவ்வளவுதான்.

மணப்பாட்டில் மீனவர் வீட்டுப் பெண்கள் கூட்டுறவு சங்கம் வைத்து பனை ஓலையில் கூடை, பெட்டி எல்லாம் செய்வது உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். அதைப் பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு ஒரே ஆசை. "அண்ணா, உங்க ஊர்ல இவ்வளவு பனை நிக்குதே, சாயங்காலம் வரைக்கும் சும்மாதானே இருக்கோம், நாமளே ஒண்ணு செஞ்சு பார்ப்போமா?" என்று நண்பனின் மனைவி கேட்டது.

வெட்கத்தைச் சொல்லிவிடுகிறேன். என் தோட்டத்து வரப்பில் நாற்பது பனை நிற்கிறது. எங்கம்மா கடவம், சுளகு, கொட்டான் எல்லாம் முடைவாள். எனக்கு ஓலையில் ஒரு காத்தாடி செய்யக்கூடத் தெரியாது. படிக்கிற பையன் ஓலையைத் தொடக் கூடாது என்று அம்மாவே கையிலிருந்து பிடுங்கி வைத்துவிடுவாள்.

அதனால் பக்கத்து வீட்டுப் பெரியம்மையைக் கூப்பிட்டேன். நல்லவேளையாக அவளிடம் காய்ந்த குருத்தோலை இருந்தது. நினைத்தவுடன் மரத்தில் வெட்டிவந்து முடைகிற காரியமில்லை இது. குருத்தை வெட்டி, விரித்து, வெயிலில் காயப்போட்டு வெளுக்க வைத்து, ஈர்க்கை நீக்கி, ஒரே அகலத்துக்கு நார் நாராகக் கிழிக்க வேண்டும். முடைவதற்கு முன் லேசாகத் தண்ணீர் தெளித்துப் பதமாக்க வேண்டும். தண்ணீர் கூடினால் பூஞ்சணம், குறைந்தால் ஒடிந்துபோகும். வேலையில் பாதி முடைவதற்கு முன்னாலேயே முடிந்துவிடுகிறது. பெட்டியைப் பார்க்கிறவன் கண்ணுக்கு அந்தப் பாதி தெரிவதே இல்லை.

திண்ணையில் வட்டமாக உட்கார்ந்தோம். அடிப்பாகம் எல்லோருக்கும் வந்துவிட்டது. ஒன்று மேலே, ஒன்று கீழே, அவ்வளவுதானே. சென்னைக்காரன், கம்ப்யூட்டர் ஆள், "பேட்டர்ன் பிடிபட்டுட்டுது மாப்ள" என்றான். மூலை திருப்புகிற இடம் வந்தது. நாலு பக்கமும் ஓலையை மேலே தூக்கி, சாய்வாகப் பின்ன வேண்டும். அங்கேதான் எல்லாருடைய சாயமும் வெளுத்தது. அவன் பெட்டி கையிலேயே அவிழ்ந்து ஓலைக்கட்டாகத் திரும்பிப் போய்விட்டது. "ஏய்யா, கையை எறுக்கிப் பிடிக்காத, ஓலை எங்க போகணும்னு சொல்லுதோ அங்க விடு" என்றாள் பெரியம்மை. அவன் மகள், எட்டாம் வகுப்பு, இரண்டாவது தடவையிலேயே மூலையைத் திருப்பிவிட்டாள். என் சுண்டுவிரலில் ஓலை கிழித்து ரத்தம்.

இரண்டரை மணி நேரத்தில் எங்களுடையது ஏழு பெட்டி. எல்லாம் கோணல். பெரியம்மை எங்களுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே, வெற்றிலை போட்டுக்கொண்டே, மூணு முடித்திருந்தாள். ஆணி அடித்த மாதிரி நின்றன.

அந்தப் பிள்ளைதான் கேட்டது: "பாட்டி, இது ஒண்ணு எவ்வளவுக்குக் கொடுப்பீங்க?"

பெரியம்மை என்னைப் பார்த்தாள். "அவன்கிட்ட கேளு தாயி. அவன்தான் வாங்கினவன்."

நடந்தது இதுதான். இரண்டு வருசம் முன்னால் என் கருப்பட்டியைப் பெட்டியில் போட்டு அனுப்பலாம் என்று அவளிடம் கேட்டேன். எழுபது ரூபாய் சொன்னாள். நான் ஐம்பதுக்குக் கேட்டேன். ஐம்பத்தைந்துக்கு இறங்கினாள். ஒரு மாசம் வாங்கிவிட்டு, நாலு ரூபாய் பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாறிவிட்டேன். பிளாஸ்டிக்கை எதிர்த்து இங்கேயே பக்கம் பக்கமாக எழுதியவன் நான். அதையும் நீங்கள் படித்திருப்பீர்கள்.

ராத்திரி பேச்சு வேறு பக்கம் போனது. மாசம் ஒரு ஞாயிறு இங்கே பயிற்சி வகுப்பு வைக்கலாம், சென்னையிலிருந்து ஆள் வருவார்கள், அழிகிற கலையை மீட்டுவிடலாம் என்றார்கள். நல்ல மனசில்தான் சொன்னார்கள். ஆனாலும் எனக்கு ஒப்பவில்லை.

நம்ம தேரிக்காட்டுப் பக்கத்திலேயே ஒரு பழைய கதை இருக்கிறது. கால்டுவெல் 1841-ல் இடையன்குடிக்கு வந்தார். 1844-ல் அவரைக் கட்டிக்கொண்டு வந்த எலிசா அம்மையார், நாகர்கோவிலில் தன் தாயார் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்த லேஸ் பின்னலை இங்கேயும் கொண்டுவந்தார். அதுவும் ஒரு வீட்டில் நாலு பெண்கள் கூடி உட்கார்ந்து கற்ற புதுக் கைவேலைதான். அது நிலைத்ததற்குக் காரணம் சொல்லிக்கொடுத்தது மட்டும் இல்லை. பின்னினதை விலை கொடுத்து வாங்க வெளிநாட்டில் ஆள் இருந்தது. பின்னின பெண் கையில் காசு வந்தது.

பெரியம்மைக்கு வித்தை மறக்கவில்லை. மறந்தால்தானே மீட்பதற்கு? அவள் மகள் தூத்துக்குடியில் ஜவுளிக்கடையில் நிற்கிறாள். ஏன் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை என்று நான் கேட்டதற்கு, "எதுக்கு? ஒங்கிட்ட வந்து ஐம்பத்தஞ்சு வாங்கவா?" என்றாள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. முடைய ஆள் இருந்தாலும் ஏற ஆள் வேண்டும். மாநில மரத்தை வெட்ட கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021-ல் அரசு அறிவித்தது. நல்ல காரியம், வரவேற்கிறேன். ஆனால் வெட்டாமல் நிற்கிற மரத்தில் ஏறுகிறவன் யார்? எங்க ஊரில் இப்போது இரண்டே பேர், இருவரும் அறுபதைத் தாண்டியவர்கள். பதனீர்க் காலத்தில் அவர்களுக்குக் குருத்து வெட்ட நேரம் இல்லை. குருத்தையும் கண்டபடி வெட்ட முடியாது, மரம் தேய்ந்துவிடும். உடன்குடி கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு வந்ததில் எங்களுக்கெல்லாம் பெருமைதான். அந்தக் குறியீடு மரம் ஏறாது.

அதற்காக வீட்டில் கூடி உட்கார்ந்து முடைய வேண்டாம் என்று சொல்லவில்லை. தாராளமாகச் செய்யுங்கள். எனக்கே ஒரு ஓலைக் கீறல் பட்ட பிறகுதான் அந்த எழுபது ரூபாய்க்கு அர்த்தம் தெரிந்தது. ஆனால் ஒரு மத்தியானம் முடைந்துவிட்டு, கோணல் பெட்டியோடு போட்டோ எடுத்துவிட்டு, அடுத்த வாரம் கடைத்தெருவில் ஒரு கிழவியிடம் இருபது ரூபாய் குறைக்கச் சொன்னால், அதை நான் கலைப்பற்று என்று ஏற்க மாட்டேன். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இந்த வருசம் கருப்பட்டி ஓலைப்பெட்டியில்தான் வரும். பெட்டிக்குத் தொண்ணூறு ரூபாய் தனி, அது முழுக்கப் பெரியம்மைக்கு. தொண்ணூறு அவள் கேட்டதில்லை. நான் சொன்னேன், "கெறுக்குப் பிடிச்சிருக்கா ஒனக்கு" என்றாள். வழக்கமாக வாங்குகிறவர்களில் இரண்டு பேர் டப்பாவிலேயே அனுப்பச் சொல்லி கேட்டார்கள். முடியாது என்று சொன்னதில் ஒருவர் நின்றுவிட்டார்.

வியாழக்கிழமை காலையில் அண்ணாச்சி குருத்து வெட்ட மரம் ஏறுகிறார். எத்தனை குருத்து என்று அவருக்கு முந்தின நாளே சொல்ல வேண்டும். வேண்டியவர்கள் புதன்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள். காய வைத்து, கிழித்து, முடைந்து உங்கள் கைக்கு வர மூணு வாரமாவது ஆகும். அவசரப்படுத்தக் கூடாது.